ஔவுக்கு ஒரு பாட்டில்

பங்காளி,

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று மதியம் ஏடிஎம் வாசலில், காவல்காரச் சட்டை, தொப்பி, விசில் எல்லாம் போட்டுக்கொண்டு, ஒரு எறும்பின் காலை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தேன். உல்லன் நூலில் பின்னிய பொம்மை எறும்புதான். சிவப்பு. காலைப் பல்லால் கடித்து, உடம்பை இரண்டு கையாலும் பிடித்து, தலையை ஆட்டி ஆட்டி இழுத்த மும்முரத்தில், எதிரே கைக்குழந்தையோடு ஒரு அம்மா வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. அந்த அம்மா பணம் எடுக்காமலே திரும்பிப் போய்விட்டது. குழந்தை மட்டும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, எனக்கும் கொடு என்கிற மாதிரி கையை நீட்டிக்கொண்டே போனது.

எல்லாம் உன்னால்தான். "புள்ள கடிக்கிறதுக்கு முன்ன நாம கடிச்சுப் பாத்துடணும்டா" என்று சட்டம் போட்டுவிட்டு நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். எனக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. உன் சட்டம் ஆடவில்லை.

மில்லில் சேர்ந்த நாளிலிருந்து மச்சான் என்று கூப்பிட்டவன் இப்போது என்ன புதிதாகப் பங்காளி என்று நீ கேட்பாய். காரணம் இருக்கிறது. வருகிறேன், அவசரப்படாதே. உனக்குத்தான் இனி எந்த வேலையும் இல்லையே.

மில் ஓடாமல் நின்றுபோன அந்த வருஷத்தை நினைத்துக்கொள்கிறேன். சங்கு ஊதாததால் முத்தியால்பேட்டைக்கே காலை எது, மதியம் எது என்று தெரியாமல் போயிற்று. நான் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடுகிறவன், நீ மிஷினுக்கு எண்ணெய் விடுகிறவன். இரண்டு பேருக்கும் கை சும்மா இருக்காது. உன் வீட்டம்மா அப்போது உப்பளம் பகுதியில் ஒரு மதாமிடம், பிரெஞ்சுக்கார அம்மாவிடம், கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷா வேலை வாங்கி வந்து வீட்டில் பின்னிக்கொண்டிருந்தாள். எல்லாம் கைக்குழந்தைகளுக்கான பொம்மை. இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொம்மை, உள்ளே பஞ்சு, வெளிநாட்டுக்குப் போகும். பொத்தானைக் கண்ணாக வைக்கக் கூடாது, பிள்ளை பிடுங்கி விழுங்கிவிடும், கறுப்பு நூலால்தான் கண் தைக்க வேண்டும் என்பது மதாமின் கண்டிப்பு. கடித்துப் பார்க்கிற சட்டம் மட்டும் நீயாகச் சேர்த்தது.

ஒரு நாள் உன் வீட்டம்மா அடுப்படிக்குப் போன சமயம் பார்த்து நீ அந்தக் கொக்கி ஊசியை எடுத்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் என் கையிலும் ஒரு ஊசி இருந்தது.

"ஐயய்யோ, வையுங்க ரெண்டு பேரும். கண்ணி உட்டுப்போச்சுன்னா யாரு பிரிக்கிறது?" என்று கரண்டியோடு ஓடி வந்தவள், நீ பின்னியதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "அட, பரவால்லியே. ஓரம் நேரா வந்திருக்குதே."

"பின்ன? இத்தினி வருஷம் மில்லுல என்னா பண்ணேன்னு நெனச்ச?"

"தூங்கினீங்கன்னு நெனச்சேன்."

அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு பின்ன ஆரம்பித்தோம். மீசை வைத்த இரண்டு பேர் குழந்தைப் பொம்மை பின்னுகிறார்கள் என்று தெருவில் தெரிந்தால் தலை காட்ட முடியாது. அதற்கு நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். நடுவில் சீட்டுக்கட்டைப் பரப்பி வைத்தாய். பக்கத்தில், தையல் மிஷினுக்கு எண்ணெய் ஊற்றி வைத்திருந்த தட்டையான குவார்ட்டர் பாட்டிலை எடுத்து வைத்தாய். யாராவது கதவைத் தட்டினால் பொம்மை லுங்கிக்கு அடியில் போகும், சீட்டு கைக்கு வரும். தெரு முழுக்க நம்மைக் குடிகாரன், சூதாடி என்று பேசிற்று. மானம் காப்பாற்றப்பட்டதென்று நாம் நிம்மதியாகப் பின்னினோம். நீயோ வாழ்நாளில் ஒரு மூடி குடித்ததில்லை. பாண்டியில் பிறந்து அப்படி இருப்பதற்கே தனியாக ஒரு மெடல் கொடுக்கலாம்.

உன் தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தது அப்போதுதான். விழுப்புரம் பக்கம் விவசாயக் குடும்பத்தில் அவளைக் கொடுத்திருந்தாய். பிள்ளைக்கு மொட்டை அடித்துக் காது குத்த நாள் குறித்துவிட்டார்கள். தாய்மாமன் நீ. காதுக்குப் போடுகிற பொட்டுத் தங்கம் எப்படியோ தயாராகிவிட்டது. பிரச்சினை சீர்த்தட்டுதான். அந்த வீட்டு மூத்த மருமகளின் தம்பி பதினோரு தட்டு வைத்திருக்கிறானாம்.

"நான் ஒன்னும் கேக்கலண்ணா. உன் நெலம எனக்குத் தெரியும்," என்றாள். அப்புறம் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, "ஆனா தட்டு கொறஞ்சா அந்த வீட்டுல ஆயுசுக்கும் அதான் பேச்சா இருக்கும்," என்றாள்.

அவள் போன பிறகு நீ ஊசியைக் கீழே வைத்துவிட்டாய். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பிறகு திடீரென்று என்னைப் பார்த்தாய்.

"உயிரெழுத்து எத்தினிடா?"

"பன்னெண்டு. அஞ்சாங்கிளாஸ்ல அதுக்குத்தான அடி வாங்கினேன்."

"அக்கன்னா?"

"ஒன்னு."

"பதிமூணு. ஒத்தப்படை. தட்டுக்கு ஒரு எழுத்து!"

தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், நடுவில் எழுத்துக்கு ஒரு பொம்மை. எந்த வீட்டுச் சீரிலும் இல்லாத சீர். உன் வீட்டம்மா மிச்ச நூலை எல்லாம் கொட்டிக் கொடுத்தாள். அணில், ஆமை, இலை என்று தொடங்கினோம். வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டதில்தான் வம்பு வந்தது. என் கை இறுக்கம், முடிச்சுப் போட்ட கை. உன் கை தளர்ச்சி, எண்ணெய் விட்ட கை. அதே ஊசி, அதே நூல், ஆனால் என் கண்ணியில் ஈ நுழையாது, உன் கண்ணியில் எலி நுழையும். எறும்பு உனக்கு, ஒட்டகம் எனக்கு. பின்னி முடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எறும்பு ஒட்டகத்தைவிடப் பெரிதாக நின்றது. பிரிக்க நாளில்லை. "தூரத்துல நிக்கிற ஒட்டகம்னு சொல்லிக்கலாம்," என்றாய். "நூலுக்குக் கொஞ்சம் மூச்சு உடுடா" என்று என் கையைத் தட்டினாய்.

அக்கன்னாவுக்கு மூன்று பந்து. சுலபம். ஔவன்னாதான் நம்மைப் படுத்தி எடுத்தது. பள்ளிக்கூட அட்டையில் அதற்கு ஒரு கிழவி படம். "கெழவியப் பின்னினா உன் தங்கச்சி மாமியாரு தன்னத்தான் பின்னியிருக்கான்னு சண்டைக்கு வரும்," என்றேன். உன் வீட்டம்மா யோசித்து, "ஔடதம்னு ஒரு வார்த்த இருக்குதுங்க. மருந்துன்னு அர்த்தம். மருந்து பாட்டில் பின்னுங்க," என்று சொல்லிவிட்டு, சமையலுக்கு ஒத்தாசை செய்ய ஒரு நாள் முன்னதாகவே ஊருக்குப் போய்விட்டாள். அவள் இருந்திருந்தால் தடுத்திருப்பாள்.

பாட்டில் பின்ன மாதிரி வேண்டும். கண்ணெதிரே ஒரு பாட்டில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், தினமும் பார்த்துப் பார்த்து அது என்ன பாட்டில் என்பதே நமக்கு மறந்துபோயிருந்தது. அந்த வளைந்த தோள், தட்டை வயிறு, குட்டைக் கழுத்து எல்லாம் அச்சு அசலாக வந்தது. காப்பிக் கலர் உடம்பு, வெள்ளை லேபிள், சிவப்பு மூடி. மூடி பிய்ந்தால் பிள்ளை விழுங்கிவிடும் என்று நீ மூன்று சுற்றுத் தைத்தாய். நானும் நீயும் மாற்றி மாற்றிக் கடித்து இழுத்தோம். அசையவில்லை. நாம் பின்னியதிலேயே அதுதான் உத்தமமான வேலை.

குலதெய்வக் கோயில் வாசலில் மேளம் கொட்ட, நம் தெருப் பெண்கள் பதின்மூன்று தட்டோடு வரிசையாக வந்தபோது உன் தங்கச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாமியாரம்மா ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தது. "அணிலு... ஆமை... என்னா தம்பி, இந்த எறும்பு அந்த ஒட்டகத்த முழுங்கிடும் போல இருக்குதே?" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. அப்புறம் பன்னிரண்டாவது தட்டுக்கு வந்து நின்றது.

"இது என்னா தம்பி?"

"ஔடதம்ங்க. மருந்து."

"பாண்டியில இதான் மருந்தா?"

பந்தலின் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "எனக்கும் டாக்டரு அதத்தாம்மா எழுதிக் குடுத்திருக்காரு!" என்று கத்தினார். அப்போது வந்தது வேறு சிரிப்பு. உன் தங்கச்சி தலை கவிழ்ந்தது. நீ வேட்டி நுனியை விரலால் பின்ன ஆரம்பித்தாய். "அத்தினி தட்டும் போச்சுடா," என்றாய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. மாமியாரம்மா பாட்டிலை எடுத்து முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டது.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசி உன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் அவன் போட்ட கத்தலில் மேளக்காரரே கையை நிறுத்திவிட்டார். கிலுகிலுப்பை காட்டினார்கள், தட்டிவிட்டான். அணிலைக் கொடுத்தார்கள், வீசினான். ஒட்டகம் ஆசாரி மேலேயே போய் விழுந்தது. அவன் கண் மட்டும் பாட்டியின் முந்தானையிலேயே இருந்தது. சிவப்பு மூடி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத் தாவினான். அந்தம்மா பின்னால் நகர, அவன் நீலம் பாரித்துக் கத்த, "குடுத்துத் தொலையேன்" என்று மாமனாரே அதட்டினார்.

பாட்டில் வெளியே வந்தது. பிள்ளை மூடியைக் கடித்தான். விக்கி விக்கி அடங்கினான். ஆசாரி அடுத்த காதுக்குப் போனதும் பாட்டில் கை நழுவிற்று, மறுபடி அழுகை. அந்தம்மாவே குனிந்து எடுத்து, பேரன் முகத்துக்கு நேரே குவார்ட்டர் பாட்டிலை ஆட்டு ஆட்டு என்று ஆட்டிக்கொண்டு, "சீக்கிரம் குத்துய்யா, ஊரே பாக்குது!" என்றது. உன் தங்கச்சி சிரித்தாள் பார். வாயைப் பொத்திக்கொண்டு, நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். நீ பிள்ளையை மடியில் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

போகும்போது மாமியாரம்மா மூடியைத் திருகிப் பார்த்து, "கெட்டியாத்தான் தெச்சிருக்காங்க," என்றது. திரும்பி வருகிற பஸ் கண்டமங்கலம் தாண்டியது. அப்புறம், "பதிமூணு தட்டும் நின்னுடுச்சுடா மச்சான்," என்றாய்.

அந்தப் பயல் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். பாட்டிலைப் பைக்குள் வைத்து எடுத்துப் போனதில், டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு விட்டாராம். போன வருஷம் அவனுக்கு ஒரு தங்கச்சி பிறந்தாள். நீ பார்க்கவில்லை. மாரைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்த சித்திரைக்கு அடுத்த மாசி அது.

இந்தப் பெண்ணுக்கும் காது குத்த வேண்டும். தாய்மாமன் இடம் காலியாக இருக்கிறது. ஒன்றுவிட்ட உறவில் யாரையோ உட்கார வைக்கலாம் என்று பேச்சு வந்ததாம். உன் தங்கச்சி ஒத்துக்கொள்ளாமல், மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஏடிஎம் வாசலுக்கே வந்துவிட்டாள். "அண்ணா, எங்கண்ணன் எடத்துல நீங்கதான் உக்காரணும்," என்றாள். விசிலைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மாமியாரம்மா விடவில்லை. "அவருக்கு நீங்க என்னா முறை? மச்சான் மச்சான்னுதான கூப்பிட்டுக்குவீங்க? அப்டின்னா இவ உங்களுக்குக் கட்டிக்கிற முறையில்ல ஆவுது? மடியில எப்பிடி புள்ளய வெக்கிறது?"

நியாயம்தானே. நான் யோசிக்கவே இல்லை. "அதெல்லாம் சும்மா கூப்பிட்டதுங்க. நாங்க பங்காளிங்க," என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். இனி நீ எனக்கு அண்ணன். உன் வீட்டம்மாவை அண்ணி என்று கூப்பிட்டேன், துடைப்பத்தைத் தேடினாள். போகும்போது அந்தம்மா திரும்பி நின்று, "அந்த மருந்து பாட்டில மறந்துடாதீங்க," என்றது.

எனவே பதின்மூன்றையும் தனியாகப் பின்னிக்கொண்டிருக்கிறேன். கதவைச் சாத்தவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, ஊர் பார்க்கப் பின்னுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், சீட்டுக்கட்டு எங்கே என்றுதான் கேட்கிறார்கள். எறும்புதான் சரியாக வரவில்லை. என் கையில் எறும்பு எறும்பு அளவிலேயே வருகிறது. ஒட்டகத்தின் பக்கத்தில் வைத்தால் சரியாக இருக்கிறது. அதுதான் பிடிக்கவில்லை. மூன்று தரம் பிரித்தேன். கடைசியில் உன் ஊசியை எடுத்தேன். உன் சட்டைப் பையில் இருந்ததென்று உன் வீட்டம்மா கொடுத்தது, என் சட்டைப் பையில் விசிலோடு சேர்ந்து கிடக்கிறது. விரலுக்கும் நூலுக்கும் நடுவில் உனக்குக் கொஞ்சம் இடம் விட்டுப் பின்னினேன். எறும்பு ஒட்டகத்தைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அதைத்தான் நேற்று அந்த அம்மா எதிரே கடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை பாட்டில் முடிந்தது. மூடியை மூன்று சுற்றுத் தைத்து, உன் சட்டப்படி கடித்து இழுத்தேன். மூடி அசையவில்லை. பல் வந்துவிட்டது. பாட்டிலைக் கழுவிக் கொடியில் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காதுகுத்து.