வாடைக்குப் போட்ட சாம்பிராணி

அக்கா,

இன்று வெள்ளிக்கிழமை. சாமிக்குக் காட்டிய சாம்பிராணிப் புகை கூடத்துக்கு வந்ததும், தூபக்காலும் கையுமாக உங்கள் அறை வாசலில் போய் நின்றுவிட்டேன். அங்கே இப்போது நெல் மூட்டைதான் இருக்கிறது.

ஓரகத்தி என்று ஊர் சொல்லும். எனக்கு நீங்கள் கூடப் பிறக்காத அக்கா. கர்ப்பப்பை வாயில் புற்று என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் கதிர் சிகிச்சை, நம் பேச்சில் கரண்டு, வைத்து, திருவள்ளூர் ஸ்டேஷனிலிருந்து வண்டி கட்டி உங்களைத் திருப்பாச்சூருக்குக் கூட்டி வந்தோம். "கட்டி கரைஞ்சிடுச்சாம்டி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். கோபுரம் தெரிந்ததும் கும்பிட்டீர்கள்.

பிறகு காய்ச்சல். கரண்டு வைத்த சூடு என்றார் மாமியார். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். மோரும் இளநீரும் கொடுத்தோம். அப்புறம் உங்கள் உடம்பிலிருந்து வாடை வந்தது. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஏண்டி, ஊட்டு ஆம்பளைங்க மூக்குல ஏறப்போவுது. கொஞ்சம் சாம்பிராணி போடு."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா."

"இன்னான்னு சொல்லுவே? நாத்தம் அடிக்குதுன்னா? மானம் போவும். போடுடி, நானும் சாமி மாதிரி குந்திக்கினு இருக்கேன்."

சிரித்துவிட்டோம். காலையும் மாலையும் போட்டேன். அதையும் பூஜைச் செலவிலேயே எழுதினேன். வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

குளிர் நடுக்கம் கண்டு நாக்குக் குழறிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா திட்டவில்லை. "கட்டி செத்த எடத்துல கிருமி சேர்ந்திருக்கு. இப்ப ரத்தத்துலயும் கலந்துடுச்சு. வாடை வந்தப்பவே வந்திருந்தா ஏதாவது செஞ்சு பார்த்திருக்கலாமேம்மா" என்றார். அது உங்கள் காதிலும் விழுந்தது.

"காலி ஊட்ல எவனோ குடி வந்துட்டான் பாருடி" என்றீர்கள். எனக்கு விளங்கிய உங்கள் கடைசிப் பேச்சு அதுதான். புற்றுக்குத் தப்பியவளைக் காய்ச்சல் கொண்டுபோனது. ஈஸ்வரன் முன்னால் நின்று ஏன் என்று கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண் கரண்டு வைத்துக்கொண்டு வந்து படுத்திருக்கிறாள். நான் போனால் கூச்சப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவள் மாமியார் தூபக்காலைத் தூக்கிக்கொண்டு வந்தால், வாங்கி வெளியே வைத்துவிடுகிறேன். பிறகு அவளை ஒட்டி உட்கார்ந்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்துப் பார்க்கிறேன்.