வலப்பக்கக் கிண்ணம்

மார்ச் 4

தங்கைக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி கல்யாணத்துக்கு ரோஜாப் பாகும் புதினா டீயும் உன் கையாலேயே செய்ய ஆசை, பக்குவம் சொல்லு, நீயும் வா என்கிறாய். பக்குவம் சொல்கிறேன். வரமாட்டேன்.

இதழின் அடியில் இருக்கும் வெள்ளையைக் கிள்ளிவிடு. கசப்பெல்லாம் அதில்தான். சர்க்கரைப் பாகில் போட்டதும் நிறம் செத்துப்போகும், பயப்படாதே. அரை எலுமிச்சை பிழிந்தால் உயிர் வந்துவிடும். புதினாவைக் கொதிக்க விடாதே. கொதித்த தண்ணீரை இறக்கி, இலையைப் போட்டு மூடு.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் என் சம்பந்தி வீட்டார் பதினோரு பேர் முதல்முதலாக வந்த அன்று, நான் கிள்ளி வைத்ததை விட்டுவிட்டுக் கிள்ளாத இதழைப் பாகில் கொட்டியவள் நீ. வேண்டுமென்றேதான். முதலில் சிரித்தவளும் நீ. பச்சைப் புடவை கட்டியிருந்தாய், இடது வளையலில் விரிசல். எனக்கு எதுவும் மறக்காது.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

பக்குவம் கேட்டேன், தீர்ப்பும் சேர்ந்து வந்திருக்கிறது.

அன்று நீ குளிக்கப் போகும்போது, கிள்ளினதை எடுத்துப் பாகில் போடு என்றாய். மேசையில் இரண்டு கிண்ணம். வலப்பக்கம் இருந்ததை எடுத்தேன், அவ்வளவுதான். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. சிரித்தது உண்மை. உன் சம்பந்தி கண்ணை மூடி விழுங்கிவிட்டு, "உடம்புக்கு நல்லதும்மா, இன்னும் கொஞ்சம் வைங்க"ன்னாரே, சிரிக்காமல் என்ன செய்வது?

நேற்று ஒரு கிண்ணம் செய்து பார்த்தேன். எலுமிச்சை விழுந்ததும் சிவந்தது பார், அடுப்படியே சிரித்தது. ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு கூடை ரோஜா கிள்ள வேண்டும், என் விரல் ஒரு கிண்ணத்துக்கே முனகுகிறது. ஏப்ரல் இருபது கல்யாணம். கோபத்தோடு வந்தாலும் சரி, வா.

உன் தங்கை


மார்ச் 19

அடியே தங்கச்சி,

நேற்று நானும் பாகு செய்தேன். உன் கடிதம் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை, வேறொன்றும் இல்லை. இதழ் கிள்ளும்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கிள்ளினதைப் போடம்மா என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து நாக்கில் வைத்தால் வேப்பங்காய். கிள்ளாததை ஏன் போட்டாய் என்று கேட்டேன்.

"எல்லாரும் முடிச்சதை வலப்பக்கம்தானே அத்தை வைப்பாங்க? நீங்க இடது கைக்காரங்கன்னு கிண்ணத்துல எழுதியா இருக்கு?" என்றாள்.

மகன் சிரித்தான், அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உன் வளையல் விரிசல் வரைக்கும் ஞாபகம் வைத்திருந்தேன். என் கை எது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. நீ வேண்டுமென்று செய்யவில்லை. தப்பு என்னுடையது.

ஆனால் சிரித்தாயே, அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது. அதை நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

பதினைந்தாம் தேதியே வருகிறேன். ரோஜாவை நான் வந்த பிறகு வாங்கு, உனக்குப் பார்த்து வாங்கத் தெரியாது. மேசைக்கு இந்தப் பக்கம் நான், எதிரே நீ. எனக்கு இடப்பக்கம் உனக்கு வலப்பக்கம். கிள்ளினதை இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் போடலாம்.

புதினா டீ தயாராக இருக்கட்டும். கொதிக்க விட்டால் குடிக்க மாட்டேன்.

உன் இடதுகை அக்கா