மைக்கைத் துடைத்து வைக்கவும்

பாலத்துச் செக்போஸ்ட்
22.6.2020, திங்கள்

அன்புள்ள மாப்பிள்ளை கிளாட்சனுக்கு,

மலையாண்டி எழுதுவது. நம் செக்போஸ்ட் போலீசை இரண்டு அணியாகப் பிரித்து இன்றோடு எட்டு வாரம். ஓர் அணி கொரோனாவில் படுத்தால் இன்னோர் அணி நிற்க வேண்டுமாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இருபத்தொரு வருஷம் ஒன்றாக டீ குடித்தவன் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுவது எனக்கு இன்னும் பழகவில்லை. திங்கள் சாயங்காலம் நாலு மணிக்கு நான் கிளம்புகிறேன்; கொட்டகைக்கு மருந்தடித்த பிறகு ஆறு மணிக்கு நீ வருகிறாய். போனில் சொன்னால் பாதியைக் கேட்டுவிட்டு, 'சரிலே, சரிலே' என்று வைத்துவிடுவாய். பொறுப்பு மாற்றுகிற நோட்டில் எழுதினால் இன்ஸ்பெக்டர் படிப்பார். அதனால்தான் டிராயரில் இந்தத் தாள்.

போன முறை மைக்கை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். வாய் வைத்துப் பேசுகிற சாமான் நமக்கு ஒன்றுதான் இருக்கிறது. துடைத்து, பாலித்தீன் பையில் கட்டி வை. நாற்காலியை வெயிலில் போடு. காலையில் எல்லோருக்கும் டெம்பரேச்சர் கன் வைத்துப் பார்த்து நோட்டில் எழுது. யாருக்காவது காய்ச்சல் என்றால் மறைக்காமல் சொல். கொட்டகையை ஒரு நாள் பூட்டிவிட்டு அப்புறம் உட்காருவோம்.

ஓய்வு வாரத்தில் நான் இப்போதும் ஊரில் தோட்டத்து மோட்டார் ரூமில்தான் படுக்கிறேன். முருகலட்சுமிக்கு மூச்சு இளைப்பு இருப்பது உனக்குத் தெரியும். சோற்றை வாசலில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பேசுகிறாள். 'கல்யாணமான புதுசுலகூட இம்புட்டுப் பேசல' என்றாள் போன தடவை. உன் மகள் லிண்டாவுக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். கல்யாணத்தன்று எனக்கு டூட்டி. கோபித்துக்கொள்ளாதே.

உன்
மலையாண்டி


29.6.2020, திங்கள்

அன்பு மச்சானுக்கு,

மைக்கைத் துடைத்துவிட்டேன், பையிலும் கட்டிவிட்டேன். போதுமா? உன் தொல்லை தாங்காமல் வெயிலில் போட்டதில் நாற்காலியின் கால் ஒன்று கோணிக்கொண்டது. பார்த்து உட்கார். கடைசி இரண்டு நாள் நான் மைக்கில் அதிகம் பேசவில்லை. வெயிலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை கல்யாணம். கோயிலில் ஐம்பது பேருக்குத்தான் அனுமதி. யாரை விடுவது என்று வீட்டில் தினம் சண்டை. யார் வந்தாலும் வராவிட்டாலும் அப்பா இருப்பேன் என்று லிண்டாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ இல்லாதது எனக்குக் குறைதான்.

இங்கே எல்லோரும் சுகம். ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. நீ மோட்டார் ரூமில் கொசுக்கடியில் கிடப்பது வீண். என்னை நம்பி வீட்டுக்குள் போய்ப் படு.

அன்புடன்
கிளாட்சன்


6.7.2020, திங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாற்காலிக் காலுக்கு ஆணி அடித்திருக்கிறேன். கல்யாண போட்டோ வந்தது. லிண்டா மாஸ்க்கோடு சிரிப்பது கண்ணிலேயே தெரிகிறது. நீதான் ஓரத்தில் ஒரு மாதிரி மெலிந்து நிற்கிறாய். மகளைக் கட்டிக்கொடுத்தவன் அப்படித்தான் நிற்பான் போல.

உன் தாளை முருகலட்சுமிக்குப் போனில் படித்தேன். 'கிளாட்சன் அண்ணனே எழுதியிருக்காகள்ல. இந்த வாட்டி உள்ள வந்து படுங்க' என்றாள். சரி என்றுவிட்டேன். பத்து வாரம் ஆயிற்று, மாப்பிள்ளை. கத்தரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைக்கிறாளாம். உடம்பு கொஞ்சம் அசதியாக இருக்கிறது. ஒரு வாரம் ரோட்டில் நின்றதுதான்.

மைக் பையில் இருக்கிறது.

உன்
மலையாண்டி


8.7.2020, புதன்

மச்சான்,

உன் தாளைத் திங்கட்கிழமை வந்ததுமே படித்தேன். போனை எடுத்தேன். உன் பெயர் வரைக்கும் போய் வைத்துவிட்டேன். நேற்றும் அப்படித்தான். எழுதினால் நீ அடுத்த வாரம்தான் படிப்பாய் என்று தெரிந்தே இதை எழுதுகிறேன்.

28ஆம் தேதி காலையில் எனக்குக் காய்ச்சல். கன்னில் நூற்றொன்று காட்டியது. நோட்டில் தொண்ணூற்றேழு என்று எழுதினேன். சொல்லியிருந்தால் பதினாலு நாள் தனியே போட்டிருப்பார்கள். லிண்டாவைக் கைபிடித்துக் கூட்டிப்போக நான் இருந்திருக்க மாட்டேன். வெயில் காய்ச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாணத்தன்று பிரியாணி அண்டாவைத் திறந்தார்கள். எல்லோரும் மணக்கிறது என்றார்கள். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. அன்றைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

மைக்கைத் துடைத்தேன். அது உண்மை.

நீ மோட்டார் ரூமிலேயே படுத்திருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கிளாட்சன்


27.7.2020, திங்கள்

மச்சான்,

போன தாள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. உன் இடத்துக்குத் தொண்டி ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்துபோகிறார். நீயும் முருகலட்சுமியும் ஆஸ்பத்திரியில் என்று அவர்தான் சொன்னார். அவளுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறதாம். நேற்று உனக்குப் போன் அடித்தேன். இந்த முறை நிஜமாகவே அடித்தேன். நீ எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சொல்லச் சொன்னால் சொல்கிறேன்.

கிளாட்சன்


31.8.2020, திங்கள்

கிளாட்சனுக்கு,

இரண்டு தாளையும் படித்தேன்.

முருகலட்சுமி போன மாதம் 29ஆம் தேதி காலை ஐந்தே முக்காலுக்கு இறந்தாள். நான் அதே ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் இருந்தேன். அன்றைக்கே கொண்டுபோனார்கள். எனக்கும் கவச உடை போட்டு வண்டியில் ஏற்றினார்கள். சுடுகாட்டில் கயிறு கட்டியிருந்தது. 'சார், கயித்துக்கு அங்கிட்டே நில்லுங்க' என்றார் ஒரு கான்ஸ்டபிள். அதே மாதிரிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் நாலு குடும்பத்தைத் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். அவர் சரியாகத்தான் செய்தார். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், டூட்டிக்கு வருகிறேன்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மைக்காக இருக்கலாம், மீன் லாரிக்காரர்களாக இருக்கலாம். அதற்காக உன்னைக் குறை சொல்ல மாட்டேன். இந்த வேலையில் வரும். வந்தால் என்னோடு நிற்கட்டும் என்றுதான் மோட்டார் ரூமில் படுத்தேன். உன் தாளைப் படித்துவிட்டு வீட்டுக்குள் போனேன். அதை மட்டும் என்னால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ராத்திரி நான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி எட்டு. வந்ததுமே என் தாளைப் படித்தேன் என்கிறாய். நீ பொறுப்பேற்ற நேரம் நோட்டில் ஆறு என்று இருக்கிறது. நேற்றுப் பார்த்தேன்.

லிண்டாவுக்கு அவள் எடுத்த சேலை கீழ் டிராயரில் இருக்கிறது. ஏழு நாள் வெயிலில் போட்டுத்தான் கொண்டுவந்தேன். பயப்படாமல் கட்டச் சொல்.

இன்ஸ்பெக்டரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. மைக்கைத் துடைத்துப் பையில் கட்டியிருக்கிறேன். பேட்டரி மாற்றியாயிற்று. இனிமேல் டிராயரில் தாள் வைக்க வேண்டாம். சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் நோட்டில் எழுதவும்.

மலையாண்டி,
தலைமைக் காவலர்,
இரண்டாம் அணி.