மூழ்கும் கப்பலுக்குக் குரல்

மார்ச் 4
டப்பிங்குக்கு வந்திருப்பது, போரில் எங்களை ஜெயித்தவர்கள் எடுத்த படம். எங்கள் பேர்பெற்ற போர்க்கப்பலை அவர்கள் மூழ்கடித்த கதை. அதை எங்கள் மொழியில் நாங்களே பேச வேண்டும். அப்பாவின் அண்ணன் அந்தக் கப்பலோடு போனவர். கூலிக்கு மாரடிப்பது இதுதானோ?

மார்ச் 6
முழுப் படமும் பார்த்தேன். அவர்கள் கப்பலில் ஆளாளுக்கு அம்மா, காதலி, பல்வலி எல்லாம் உண்டு. எங்கள் கப்பலில் பீரங்கி மட்டும்தான். ஒரு கேப்டன் - அவனும் பல்லைக் கடிக்கிறான். மற்ற யாருக்கும் ஒரு வார்த்தை கிடையாது.

போன வருஷம் இதே கப்பலைப் பற்றி நம்மவர்கள் எடுத்த படம் மட்டும் என்ன வாழ்ந்தது? அதில் எல்லோரும் சல்யூட் அடித்தபடியே மூழ்கினார்கள். ஒருத்தருக்கும் மூச்சுத் திணறவில்லை.

மார்ச் 7
சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். கப்பல் படம் என்றாலே டிவியை அணைத்துவிடுகிறவர், இன்று பேசினார்.

"சல்யூட்டா? உங்க பெரியப்பனுக்கு நீச்சலே தெரியாதுடா."

கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. கடற்படைக்காரருக்கா?

"பொய் சொல்லிச் சேர்ந்துட்டான். அங்க முடி வெட்டுற வேலைதான். தண்ணியப் பாத்தாலே நடுங்குவான். லீவுல வா, நான் கத்துத் தரேன்னேன். நான் அப்போ ஸ்கூல் பையன்."

ஹாலில் தொப்பியோடு முறைக்கிற பெரியப்பாவின் போட்டோவை இத்தனை வருஷம் என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தேன்?

மார்ச் 11
மூழ்கும் காட்சிக்குக் கூட்டக் குரல். இதற்கு யாரும் வசனம் எழுதித் தரமாட்டார்கள். மைக்கைச் சுற்றி நின்று வாய்க்கு வந்ததைக் கத்துவோம். எல்லாம் கலந்து இரைச்சலாகிவிடும். அந்தத் தைரியத்தில்தான் நானும் கத்தினேன். "எனக்கு நீச்சல் தெரியாது. யாராவது பிடிங்க."

மற்றவர்கள் எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். எனக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

வேலை போச்சு.

மார்ச் 12
போகவில்லை. சவுண்ட் என்ஜினீயர் போன் செய்தார். "அந்தக் கத்தலை டைரக்டர் எடுக்கச் சொன்னாரு. எடுத்துட்டுப் போட்டுப் பாத்தோம். கப்பல்ல ஆளே இல்லாத மாதிரி இருந்துச்சு. அப்புறம் அவரே திரும்ப வைக்கச் சொல்லிட்டாரு."

நம்ப முடியாமல் இரண்டு தடவை கேட்டேன்.

ஏப்ரல் 19
ரிலீஸ். அப்பா தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் என்ன கத்தினேன் என்று கேட்க வேண்டுமாம்.

தியேட்டரில் எங்கள் பீரங்கி சுடும்போதெல்லாம் விசில் பறந்தது. கப்பல் சாய்ந்தது. என் குரல் வந்தது. விசில் நின்றுபோனது.

அப்பா என் கையைப் பிடித்தார். வலிக்கிற பிடி. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துத்தான் பேசினார்.

"அண்ணே, காலை உதைண்ணே. பயப்படாத. காலை உதை."