தெரியலை என்றால் இல்லையாம்

அக். 13, திங்கள்
காலையிலிருந்து தூறல். ஆபீஸ் ஏ.சி. ஒழுகுது, கீழே பக்கெட்.
வேலை: எக்ஸ்பர்ட் சிஸ்டம், அதாவது கேள்வி கேட்டு நிபுணர் மாதிரி முடிவு சொல்கிற புரோகிராம், செய்ய மென்பொருள் தேர்வு. இரண்டு இடத்துக்கு. ஒன்று, காரைக்குடி டைல்ஸ் கடை. எந்த அறைக்கு எந்த டைல்ஸ் என்று சொல்லணும். இன்னொன்று, திருப்பத்தூர் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பாம்புக்கடியா, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பணுமா என்று சொல்லணும். ராத்திரியில் அங்கே டாக்டர் கிடையாது. செலின் என்று ஒரு நர்ஸ் மட்டும்.
மென்பொருள் அ: மலிவு. சீக்கிரம் முடியும். பதில் வராத கேள்வியை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும்.
ஆ: ‘தெரியலை’யைத் தெரியலையாகவே வைக்கும். ஏன் இந்த முடிவு என்றும் சொல்லும். வேலை அதிகம்.
டைல்ஸுக்கு அ போதும். கடிக்கு ஆ. இதில் யோசிக்க என்ன இருக்கு.

அக். 14
முதலாளி யோசிச்சுட்டார். இரண்டுக்கும் அ.
“ஒரே மாவுதாம்மா. இட்லியும் ஊத்தலாம், தோசையும் ஊத்தலாம்.”
ஆஸ்பத்திரிச் செலவு ஏற்கிற சிங்கப்பூர்க்காரர் தீபாவளிக்குச் சொந்த ஊர் நெற்குப்பைக்கு வாராராம். அதற்குள் ஆஸ்பத்திரியில் இதுக்குத் திறப்பு விழா. அவர் பேர் போட்ட கல்வெட்டு ரெடி. டாக்டர்தான் ரெடி இல்லை. எரிச்சல். மதியம் சாப்பிடலை.

அக். 15
மழை. அ-வைச் சோதித்தேன். தரையில் படுத்துத் தூங்கினவர், விடியலில் வயிற்றுவலி. பாம்பைப் பார்த்தாரா? தெரியலை. கடிச்ச தடம்? தெரியலை. கட்டுவிரியன் கடித்தால் தடம் கண்ணுக்கே படாமல் போகும். அ இரண்டையும் ‘இல்லை’ என்று விழுங்கிவிட்டுச் சொன்னது: வாயு, வீட்டுக்கு அனுப்பலாம்.
முதலாளியிடம் காட்டினேன்.
“ஏம்மா, நீ டாக்டரா?”
“இல்லை சார். இதுவும் இல்லை.”
“டைல்ஸ் கடைக்காரர் பாத்துட்டு பிரமாதம்ங்கிறாரு.”
“டைல்ஸ் தப்பாப் போனா மாத்திக் குடுத்துடலாம் சார்.”
“அப்ப நீ டைல்ஸை மட்டும் பாரு.”

அக். 17
கூட வேலை பார்க்கிற ரஃபீக் ஆஸ்பத்திரியில் அ-வைப் போட்டுவிட்டு வந்தான். “நானும் வாயைத் தொறந்தா டைல்ஸுக்கு ரெண்டு பேரு ஆயிருவோம்” என்றான். சிரிப்பு வரலை.
செலின் அக்காவுக்கு நானே போன். முதல் தடவை பேசுறேன். எல்லாம் சொன்னேன்.
“டாக்டர் போனே எடுக்கிறதில்லைம்மா. ஏதாச்சும் ஒண்ணு இருக்கட்டும்னுதான் கேட்டேன். அதையும் வேணாங்கிறீக.”
“வேணாங்கலைக்கா. தெரியலைன்னா ‘ஆமா’ன்னு அழுத்துங்க. அப்பத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லும்.”
“பொய் சொல்லச் சொல்றீகளா?”
“ஆமாக்கா.”
“எதுக்கு இத்தனை பேரை அனுப்புனேன்னு கேப்பாகளே.”
“நான் சொன்னேன்னு சொல்லுங்க.”
நோட்டு புரட்டுற சத்தம்.
“உங்க பேரு என்னம்மா?”
இனிஷியலோடு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க.