கட்டைவிரல் போட்டவர் கவனத்துக்கு

என்னங்க,

நீங்கள் மத்தியானம் வரும்போது நான் ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருப்பேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டு இதைப் படியுங்கள், இல்லையென்றால் சோறு இறங்காது.

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எது வந்தாலும் படிக்காமலே கட்டைவிரல் போடுவீர்களே, நேற்றும் போட்டிருக்கிறீர்கள். அது பரீட்சைத் தேதி இல்லை. பதினொன்றாம் வகுப்பு மேற்படிப்புக் கூட்டத்தில் தங்கள் வேலையைப் பற்றிப் பேச யார் வருகிறீர்கள் என்று டீச்சர் கேட்டிருந்தார். விரலைத் தூக்கியது நீங்கள் ஒருவர்தான். இன்று மாலை ஐந்து மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் பேசுவார் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. அதற்கும் ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறீர்கள்.

நீலச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். நகத்தில் கிரீஸ் இல்லாமல் போங்கள். வருகைப்பதிவு, காலேஜ் விண்ணப்பம் பற்றியெல்லாம் டீச்சர் சொல்வதையாவது காது கொடுத்துக் கேளுங்கள்.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறேன் என்ற மகளிடம் நேற்று, "இந்தப் பொழப்பு என்னோட போகட்டும்"னு கத்தினீர்களே, அதை அங்கே சொல்லிவைக்காதீர்கள். பாதியில் நின்ற லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைச் சிரிக்கவைத்தே வெளியே கொண்டுவருவீர்களே, அதைச் சொல்லுங்கள்.

போகும்போது சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. காலையில் டீச்சர் போன் செய்து, "தெரியாம போட்டிருந்தா விட்டுடலாம்மா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், உங்களோடு பேசாமல் இருக்கிறாளே உங்கள் மகள், அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா வருவாரு மிஸ். முன் வரிசையில எனக்கு ஒரு சீட்டு போட்டு வைங்க."