இரண்டு வருடம் சும்மாவா இருந்தீங்க?

அம்மா,

இன்டர்வியூவுக்குப் போன அரியலூர் ஆபீஸ் வாசலில், பெயர் எழுதும் மேசைமேல் சானிடைசர் பாட்டில் வைத்திருந்தார்கள். சிவனே என்று இருக்காமல் கையில் கொஞ்சம் விட்டுத் தேய்த்தேன். வந்தது வினை. அதே ஸ்பிரிட் வாசனை. எனக்கு முன்னால் ஒரே ஒரு பையன்தான் பாக்கி. அடுத்து என்னைக் கூப்பிடுவார்கள். மனசோ பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

டயாலிசிஸ் வார்டில் கூட வந்தவர்களுக்கு நாற்காலி கிடையாது. அரும்பாவூரில் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்து, உன் கையில் ஊசி ஏற்றி மெஷின் ஓட ஆரம்பித்ததும், "ம், ஆரம்பி. நான்தான் ஆபீசரு" என்பாய். பி.காம் முடித்த பெண் தன் கட்டிலோடு கிடக்கிறாளே என்ற ஆற்றாமைக்கு நீ கண்டுபிடித்த வைத்தியம் அது. நான் சொல்லிக்கொடுத்த கேள்வியையே என்னை மிரட்டிக் கேட்பாய். பதில் உனக்குப் புரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே, "இது திக்குது, திருப்பிச் சொல்லு" என்பாய்.

தேய்மானம் படித்த அன்று, "மெஷினு வருசா வருசம் தேயும்னு கணக்குல எழுதுவீங்களா? அப்ப என் கிட்னிக்கு எவ்ளோ போடுவ?" என்றாய். பக்கத்துக் கட்டில்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது.

ஒரு கேள்விக்கு மட்டும் பதிலை நீயே முடிவு செய்துவிட்டாய். "படிச்சு முடிச்சு இவ்ளோ நாளு என்ன பண்ணினன்னு கேப்பாங்க பாப்பா. டவுன்ல கம்ப்யூட்டர் கிளாஸ் போனேன்னு சொல்லிடு. அம்மாவுக்கு முடியலன்னு வாயத் தொறந்துடாத. பாவம்னு குடுக்குற வேலை நிலைக்காது." சத்தியம் வாங்காத குறைதான்.

நீ போன பிறகு அப்பா மறுபடியும் லோடு ஏற்றப் போகிறார். இந்த வேலை கிடைக்காவிட்டால் என்னைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்புவதாக மாமா பேசி வைத்திருக்கிறார். படித்த கணக்கெல்லாம் அத்தோடு சரி.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே கணக்குப் பிரிவு மேனேஜர், கண்ணாடி போட்ட ஒரு மேடம், உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். பேங்க் கணக்கும் நம் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. எந்தப் பதிலையும் நான் உட்கார்ந்து சொல்லிப் பழகவே இல்லை.

"மேடம், நின்னுக்கிட்டுச் சொல்லட்டுங்களா?"

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சரி, சொல்லுங்க" என்றார். எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். நாம் கொடுத்த செக் பாஸாகாமல் இருக்கும், பேங்க் பிடித்த சார்ஜ் நம் கணக்கில் ஏறாமல் இருக்கும், ஒவ்வொன்றாகத் தேடிச் சரிக்கட்ட வேண்டும் என்று மடமடவென்று வந்தது. ஜிஎஸ்டி கேட்டார், சொன்னேன். தேய்மானமும் கேட்டார். உன் கிட்னிக் கணக்கை விட்டுவிட்டு, மற்றதைச் சொல்லிவிட்டேன்.

பிறகு பயோடேட்டாவைத் திருப்பினார். "படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகுது. சும்மாவா இருந்தீங்க?"

கம்ப்யூட்டர் கிளாஸ் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்.

"சும்மா இல்லைங்க மேடம். எங்கம்மாவுக்கு டயாலிசிஸ். நான்தான் கூட இருந்தேன். இப்ப அவங்க இல்லைங்க."

அவர் பேனாவை மூடிவைத்தார். "சரிம்மா, தகவல் சொல்றோம்." அவர் முகத்தில் இருந்தது இரக்கமா, சலிப்பா, எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

இதைப் பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி இன்னும் எடுக்கவில்லை. போன் அதிரும் போதெல்லாம் எழுதுவதை நிறுத்தி எடுத்துப் பார்க்கிறேன். "கெடுத்தியே காரியத்த" என்று நீ திட்டுவது காதில் விழுகிறது. திட்டிக்கொள். ஆனால் அம்மா, அந்த இரண்டு வருடத்தில் நீ உயிரோடு இருந்தாய். அதற்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.